வார்மரில் ஒரு பேத்தி!

"பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூத்தம்பது கிராம். வார்மர்ல வெச்சிருக்கோம்."

ரெண்டே மூச்சில் இதைச் சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போக, கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சில வருஷங்களுக்கு முன்னால், மார்கழி மாசம், ராத்திரி ரெண்டரை மணி. என் மகளுக்கு முப்பத்து நாலாவது வாரத்திலேயே பிரஷர் எகிறி, அவசர அவசரமாக ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்திருந்தார்கள். மகள் ஐ.சி.யூ.வில். மாப்பிள்ளை புனேயில் விமானத்துக்குக் காத்திருக்கிறார். என் மனைவிக்கு நாலு நாளாக இருமல். "இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வளைகாப்புக்கு நாள் குறிக்க மதுரையிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாவும் நானும் மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சம்பந்தியம்மா என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"வார்மர்னா என்னது? கல்யாண மண்டபத்துல இட்லியைச் சூடா வெச்சிருப்பாங்களே... அதுவா?"

"அந்த மாதிரிதான்னு நினைக்கிறேன்."

"ஓஹோ. எல்லா மண்டபத்துலயும் அது இருக்கறதில்லை."

புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நான் நாலு வருஷம் பின்னால் போக வேண்டும்.

மகள் கல்யாணத்தன்று காலை ஐந்தரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன காபி ஆறிப் போயிருந்தது. அவ்வளவுதான் சங்கதி. பரிசாரகர் செய்த தப்பு. பழி பெண்ணைப் பெற்றவன் தலையில். "சூடா ஒரு வாய் காபி குடுக்கத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுத்திருக்கோம்" என்று சம்பந்தியம்மா சொன்னது, நாதஸ்வரத்தையும் தாண்டி என் காதில் விழுந்தது. அதற்கு நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல... அன்றிலிருந்து பொங்கல், தீபாவளிக்கு போனில் "நல்லா இருக்கீங்களா", "இருக்கோம்". அதோடு சரி.

அப்படிப்பட்ட இருவரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள், ஒன்றே முக்கால் கிலோகூட இல்லாத பேத்தி.

*

மனசு பதறும்போது சிலர் சுலோகம் சொல்வார்கள். சிலர் வராந்தாவை அளப்பார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன். ஏதாவது ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைக் குடைய ஆரம்பித்துவிடுவேன். கெட்ட பழக்கம்தான். ஆனால், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

அன்றைக்குப் பிடிபட்ட வார்த்தை 'வார்ம்'.

சின்ன வார்த்தை. ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். பழைய இங்கிலீஷில் 'வெயர்ம்'. ஜெர்மன்காரனும் டச்சுக்காரனும் இன்றைக்கும் 'வார்ம்' என்றுதான் எழுதுகிறார்கள், அதே நாலு எழுத்து. இதற்கு மேல் பின்னால் போனால், எழுதி வைக்காத காலம். ஐந்தாறாயிரம் வருஷங்களுக்கு முன்னால் பேசப்பட்ட ஒரு மூதாதை மொழியை, அதன் வாரிசு மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மொழியறிஞர்கள் ஊகிக்கிறார்கள். இந்தோ-ஐரோப்பிய மூதாதை என்று பெயர்.

அந்த மொழியில் சூட்டைக் குறித்த ஒரு வேர்ச்சொல், வாயில் நுழையாத ஒரு சத்தத்தோடு ஆரம்பித்திருக்கிறது. 'க'வும் 'வ'வும் 'ஹ'வும் ஒரே மூச்சில் வருகிற மாதிரி. தாத்தா காலமானதும் பேரன்மார் பாத்திரம் பண்டத்தைப் பிரித்துக்கொள்வதில்லையா, அப்படி வாரிசுகள் இந்தச் சத்தத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சமஸ்கிருதம் 'க'வையும் 'ஹ'வையும் எடுத்துக்கொண்டது: கர்மம் (நாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிற கர்மம் இல்லை; இது அடித் தொண்டையிலிருந்து வருகிற, வெப்பம் என்கிற பொருளுள்ள கர்மம்). பாரசீகம் 'க'வை மட்டும்: கர்ம். அதுதான் ஹிந்தியில் கரம். கிரேக்கத்தில் அந்தச் சத்தம் 'த' ஆகி, தெர்மோஸ். லத்தீனில் 'ஃப' ஆகி, ஃபோர்னாக்ஸ், அதாவது உலை. இங்கிலீஷின் ஃபர்னஸ் அங்கேயிருந்து வந்தது. ஜெர்மானியக் கிளைக்கு மிச்சம் 'வ': வார்ம்.

நிமிர்ந்து பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

என் காலடியில் தெர்மாஸ் பிளாஸ்க். நர்ஸ் கையில் தெர்மாமீட்டர். கீழே கேன்டீனில் விடியற்காலைச் சமையல் ஆரம்பித்து, குருமா வாசனை படியேறி வருகிறது: கரம் மசாலா. கதவுக்கு அந்தப் பக்கம் வார்மர். ஒரு தாத்தாவின் நாலு பேரன்களும் எனக்குத் துணையாக ராக்கண் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்!

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தெர்மாஸும் கரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதில் அறிஞர்களிடையே சண்டையில்லை. 'வார்ம்' விஷயத்தில்தான் சிலர் முரண்டு பிடிக்கிறார்கள். அது வேறு வேரிலிருந்து வந்தது, கொதிக்கவைப்பதைக் குறிக்கும் ஸ்லாவிய சொற்களோடு சேர்த்தி என்கிறது ஒரு கட்சி. இருக்கட்டும். எந்தக் கல்யாணத்தில்தான் "இவர் நமக்கு எப்படி உறவு?" என்று கேட்கவைக்கிற ஒருத்தர் இல்லை?

"என்ன தனியா சிரிக்கிறீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

சொன்னேன். பிளாஸ்க்கைக் காட்டி, குருமாவை மோந்துபார்க்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த பிளாஸ்க்குல காபி இருக்கா?"

"ராத்திரி பத்து மணிக்கு ஊத்தினது."

ஒரு மடக்குக் குடித்தார். "ஆறிப்போச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் உறைத்தது.

பாவம், பிளாஸ்க்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 1892-ல் ஜேம்ஸ் டிவார் என்கிற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்ததே காபிக்காக இல்லை. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர்ச்சி கெடாமல் வைத்துக்கொள்ள. ரெண்டு சுவர், நடுவில் வெற்றிடம். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது, வெளியே இருக்கிற சூடு உள்ளே வராது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1904-ல் ஜெர்மனியில் கம்பெனி ஆரம்பித்தவர்கள் 'தெர்மோஸ்' என்று பெயர் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். குளிருக்காகப் பிறந்தது சூடானவன் என்று பெயர் வாங்கிக்கொண்டது.

*

காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்து பேசினார். குழந்தை அழுதது, மூச்சு பரவாயில்லை. ஆனால், உடம்புச் சூடு 35.8 டிகிரிக்கு இறங்கியிருந்ததாம். பிறந்த குழந்தைக்கு 36.5-லிருந்து 37.5 வரை இருக்க வேண்டும்.

"முக்கால் டிகிரிதானே டாக்டர்?" என்றேன், அசட்டுத்தனமாக.

"உங்களுக்கும் எனக்கும் முக்கால் டிகிரி ஒண்ணுமில்லை சார். அவளுக்கு நிறைய" என்று உட்கார்ந்து விளக்கினார்.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அதற்கென்று பழுப்புக் கொழுப்பு என்று ஒன்றைத் தோள்பட்டைக்கு நடுவிலும் கழுத்திலும் சேமித்துக்கொண்டு பிறக்கும். அதை எரித்துச் சூடு பண்ணிக்கொள்ளும். மாசம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு ரொம்பக் குறைவு. தோலோ மெல்லிசு. எடைக்கு உடம்பின் பரப்பு ஜாஸ்தி என்பதால் சூடு சீக்கிரம் வெளியே போய்விடும். குளிர ஆரம்பித்தால், வளர வேண்டிய சக்தியையெல்லாம் சூட்டுக்கே செலவழிக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும்... அவர் அங்கே நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நாங்கள் கேட்கவில்லை.

பிரசவ அறையிலேயே துடைப்பதில் ஆரம்பித்து, போர்த்துவது, அம்மா மேல் போடுவது, சீக்கிரம் பால் கொடுப்பது, இன்னொரு வார்டுக்குத் தூக்கிப்போகும்போது சூடு குறையாமல் பார்ப்பது வரை ஒன்றும் அறுந்துபோகாத ஒரு சங்கிலி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'வார்ம் செயின்'.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேலே சூடு பரப்பும் கம்பி. கீழே திறந்த தொட்டில். அதில், என் முன்னங்கை நீளத்துக்கு ஒரு ஜீவன். வயிற்றில் ஒட்டியிருக்கும் சென்சார் நிமிஷத்துக்கு நிமிஷம் டெம்பரேச்சரைக் கேட்டுக்கொண்டே இருக்க, மெஷின் அதற்குத் தகுந்த மாதிரி சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. திரையில் 36.1. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவின் உதடு எதையோ முணுமுணுத்தது. அவர் சுலோகம் சொல்கிற ரகம்.

*

பகல் முழுக்கக் காத்திருப்பு. 36.2... 36.2... 36.3... நான் மறுபடி 'வார்ம்'.

குளிர்நாட்டுக்காரனுக்கு இந்த வார்த்தை மேல் எவ்வளவு ஆசை, பாருங்கள். அன்பான வரவேற்பு என்றால் 'வார்ம் வெல்கம்'. நல்ல மனுஷன் என்றால் 'வார்ம் ஹார்ட்'. அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'வார்ம் மேன்' என்றால் பசையுள்ள பார்ட்டி! காசு இருக்கிறவன் வீட்டில்தானே விறகு எரியும். குழந்தைகள் ஒளித்து வைத்த பொருளைத் தேடும் விளையாட்டில், கிட்டே நெருங்கினால் "வார்ம்... வார்ம்..." என்று கத்துவார்கள், தள்ளிப்போனால் "கோல்டு!"

புதுமனை புகுவதும் 'ஹவுஸ் வார்மிங்'. குளிர்ந்து கிடக்கிற கல் வீட்டில் கணப்பு மூட்டுகிறவனுக்கு அது பொருத்தம். நம்மவர்கள் சித்திரை வெயிலில், புழுங்கித் தள்ளும் மாடிப் போர்ஷனுக்குக்கூட கூசாமல் 'ஹவுஸ் வார்மிங் செரிமனி' என்று பத்திரிகை அடிக்கிறார்கள். அந்த வீட்டை இன்னும் வேறு சூடு பண்ண வேண்டுமா!

'லூக்வார்ம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பு என்று அர்த்தம். இந்த 'லூக்' யாரோ ஒரு ஆசாமி என்றுதான் நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. இடைக்கால இங்கிலீஷில் 'லூக்' என்றாலே வெதுவெதுப்புதான். ஆக, லூக்வார்ம் என்றால் வெதுவெதுப்பான வெதுவெதுப்பு. நம் 'நடு சென்டர்', 'கேட்டு வாசல்' மாதிரி.

அதே 'வார்ம்' நம் காலத்தில் வயிற்றில் புளியைக் கரைக்கவும் ஆரம்பித்துவிட்டது. 1975-ல் வாலஸ் பிரோக்கர் என்கிற அமெரிக்க விஞ்ஞானி தன் கட்டுரைத் தலைப்பில் 'குளோபல் வார்மிங்' என்று எழுதினார். ஆயிரம் வருஷமாக அணைத்துக்கொண்டிருந்த வார்த்தை, இப்போது பனிமலையை உருக்குகிறது. ஒரே வார்த்தைதான், அளவுதான் வேறு.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, சம்பந்தியம்மா ஒரே போடாகப் போட்டார்:

"அவங்க ஊர் குளிரு, அதனால சூட்டைக் கொண்டாடறாங்க. நமக்கென்ன? நம்ம ஊர்ல நல்லதெல்லாம் குளிர்ச்சிதான். 'மனசு குளிர்ந்துச்சு'ம்போம். 'கண்ணு குளிரப் பார்த்தேன்'ம்போம். சூடுன்னா சண்டைதான். 'சூடாக் கேட்டுப்புட்டான்', 'வயிறு எரியுது', 'கொதிச்சுப் போயிட்டேன்'..."

முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கு நூறு சரி. அருளுக்கே தமிழில் 'தண்ணளி' என்று ஒரு சொல் இருக்கிறது, குளிர்ச்சியான அருள். ராஜாவின் கருணையை வெண்குடை நிழலாகப் பார்த்தவர்கள் நாம். வெயிலில் வெந்தவனுக்கு நிழல்தானே தெய்வம்! 'வார்ம் ஹார்ட்டட்' மனுஷனைத் தமிழில் 'சூடான நெஞ்சுக்காரர்' என்று மொழிபெயர்த்தால், அடிக்க வருகிறார் என்று ஓடிவிடுவோம்.

"அப்ப நமக்குச் சூடே ஆகாதுங்கிறீங்களா?" என்றேன், விட மனசில்லாமல்.

"ஏன் ஆகாது? புது வீட்டுல மொதல்ல என்ன பண்றோம்? பால் காய்ச்சுறோம். பிள்ளை பெத்தவளுக்குக் குளிர்ச்சியா ஏதாச்சும் குடுப்போமா? கோழி எதால குஞ்சு பொரிக்குது? எல்லாம் அதது எடத்துல இருக்கணும் சம்பந்தி."

நாலு வருஷத்தில் முதல்முறையாக என்னை 'சம்பந்தி' என்றார். நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

கோழி என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. குழந்தைகளுக்கான இன்குபேட்டர் பிறந்ததே கோழியிலிருந்துதான். அந்த லத்தீன் வார்த்தைக்கே 'மேலே படுத்து அடைகாப்பது' என்று அர்த்தம். பாரிஸில் ஸ்டெஃபான் டார்னியே என்கிற பிரசவ டாக்டர், மிருகக்காட்சி சாலையில் கோழிமுட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறார். 'கோழிக்குஞ்சுக்கு ஆகும் என்றால் மனுஷக் குஞ்சுக்கு ஆகாதா?' என்று தோன்றியிருக்கிறது. 1880-களின் ஆரம்பத்தில், வெந்நீரால் சூடேறும் அந்த மாதிரி பெட்டியைத் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டார். சம்பந்தியம்மா இதை ரொம்ப ரசித்தார்.

"ஆம்பளைக்கு கோழியைப் பார்த்துத்தான் புத்தி வரணும்" என்றார்.

*

மறுநாள் காலை திரையில் 36.6. டாக்டரம்மா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். ஆனால், வேறு ஒரு கோரிக்கையோடு வந்தார்.

"குழந்தை ஸ்டேபிளா இருக்கா. இனிமே மெஷினைவிட மனுஷ உடம்புச் சூடு நல்லது. கங்காரு கேர்னு சொல்வோம். அம்மாவுக்கு இன்னும் பிரஷர் இறங்கலை. அப்பாவோட விமானம் லேட்டுங்கிறீங்க. வீட்டுல வேற யாராவது..."

1978-ல் தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் தலைநகர் போகோட்டாவில் ஆரம்பித்த முறை இது. ஏழைகள் வருகிற பெரிய பிரசவ ஆஸ்பத்திரி. இன்குபேட்டர் பற்றாக்குறை, ஒன்றிலேயே ரெண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்து, ஒன்றின் தொற்று இன்னொன்றுக்குப் போனது. எட்கர் ரே சனாப்ரியா என்கிற டாக்டர், கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்து வளர்க்கிற மாதிரி, குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடச் சொன்னார். மெஷின் இல்லாத கொடுமைக்காகக் கண்டுபிடித்த வழி, மெஷின் இருக்கிற ஊர்களுக்கும் பரவியது.

இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த சுமார் 3,200 குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2021-ல் வெளிவந்தது. குழந்தை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே அம்மாவோ, அவருக்குப் பதில் இன்னொரு பெண்ணோ மார்போடு வைத்துக்கொண்டபோது, முதல் 28 நாளில் இறந்த குழந்தைகள் நூற்றுக்குப் பன்னிரண்டு. வழக்கப்படி காத்திருந்து ஆரம்பித்ததில், நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதினாறு. இவ்வளவு நல்லது தெரிந்த பிறகு ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை என்று, ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நான் பின்னால் படித்தது. அன்றைக்கு டாக்டரம்மா "வேற யாராவது" என்று இழுத்து முடிப்பதற்குள் சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். வளையல்களைக் கழற்றினார். தாலிச் சங்கிலியை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார். அறுபத்து மூன்று வயது. ரத்த அழுத்தம், மூட்டுவலி, வாய்த்துடுக்கு எல்லாம் உண்டு.

"எங்கே கை கழுவணும்?" என்றார்.

ஒரு மணி நேரம் வைத்திருந்தால் போதும் என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கண்ணாடி வழியாக நான் பார்த்தபோது சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆஸ்பத்திரி கவுன், அதன் மேல் ஒரு சுற்றுத் துணி. துணிக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு குல்லாய்த் தலை, ஒரு பக்கமாகத் திரும்பி. நான் தெரியாமல் கண்ணாடியில் தட்டிவிட, "உஸ்ஸ்!" என்று முறைத்தார். கல்யாண மண்டபத்தில் பார்த்த அதே முறைப்பு. இந்தத் தடவை கோபம் வரவில்லை.

சாயந்திரம் மாப்பிள்ளை வந்து சட்டையைக் கழற்றி ராத்திரி டியூட்டியை ஏற்றுக்கொண்டார். நாலாம் நாள் என் மகளே வீல் சேரில் வந்துவிட்டாள். பேத்தி பதினெட்டாம் நாள் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டி, வீட்டுக்கு வந்தாள்.

*

வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தக அலமாரியில் கை வைத்தேன். சம்பந்தியம்மா கட்சிக்கு ஒரு பதில் வேண்டுமே!

தமிழ் அந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் இல்லை. நமக்குச் சூட்டுக்குத் தனிக் குடும்பம் இருக்கிறது: வெயில், வெப்பம், வெந்நீர், வெதுவெதுப்பு, வேனில்... எல்லாவற்றுக்கும் முதல் எழுத்திலேயே வீட்டு ஜாடை. குடும்பத் தலைவி, வெம்மை. கடுமை, கோபம் எல்லாம் அவள் தலையில்தான். ஆனால், தொல்காப்பியத்தின் உரியியலைப் புரட்டினால், வெம்மைக்கு அங்கே சொல்லியிருக்கிற அர்த்தம் சூடு இல்லை, விருப்பம்! பழந்தமிழில் 'வெய்யோன்' சூரியன் மட்டுமில்லை, ஆசை வைத்தவனும்தான்.

ஆக, கொதிக்கிற சூட்டையும் ஆசையையும் ஒரே சொல்லில் வைத்திருந்தவர்கள் நாமும்தான். எப்போதோ, இந்த வெயிலில் அலைந்த களைப்பில், ஒரு பாதியை மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

இதை போனில் சம்பந்தியம்மாவுக்குச் சொன்னேன். "அதான் நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். சொல்லவில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

நாலு வருஷக் கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று, கேன்டீனுக்கு ஓடினேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாலில், முதல் டிகாக்ஷனில், கண்ணெதிரே கலக்கச் சொன்னேன். டம்ளரைத் தொட முடியவில்லை. டவரா செட்டோடு, ஆவி பறக்க, மாடிப்படி ஏறி, நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கதவிடுக்கில் நின்று நீட்டினேன். 'இந்தாங்க, இதைவிடச் சூடா உலகத்துல காபி கிடையாது' என்று மனசுக்குள் வசனம்கூட ரெடி.

சம்பந்தியம்மா டம்ளரைப் பார்த்தார். மார்பில் தூங்கும் குல்லாயைப் பார்த்தார்.

"ஐயோ, சூடு வேணாம் சம்பந்தி. பாப்பா மேல ஒரு சொட்டு சிந்தினாலும் போச்சு. நல்லா ஆத்திக் கொண்டாங்க. பச்சைத் தண்ணியா இருந்தாக்கூடப் பரவால்ல."

வராந்தாவில் நின்று ஆற்றினேன். டம்ளரிலிருந்து டவராவுக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, ஆவி அடங்கி, நுரை அடங்கி, விரலை விட்டுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாத வரைக்கும் ஆற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒற்றைக் கையால் வாங்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இது காபி" என்றார்.